ரைட் சொன்னால் ரிவர்ஸ்

மலை உச்சியில் முந்நூறு பேர் காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். கழிப்பறை நான்கும் அடிவாரத்தில் நின்றன. நடுவில் வழவழவென்று ஒரு சேற்றுச் சரிவு. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய மனுஷன் பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தன் இடது காலை முறைத்துக்கொண்டிருந்தார்.

அவரை எல்லாரும் 'கியரு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பேரும் உண்டு, அது லைசென்சில் பத்திரமாக இருக்கிறது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் பஸ் ஓட்டினவர். கியர் மாற்றுவதில் அப்படி ஒரு சூரர்! ஏற்றத்தில் அவர் செகண்டுக்கு இறக்கினால் பின் சீட்டில் தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது. அந்த பஸ்ஸில் கண்டக்டராக வந்த பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். காதல் வசனம், பூங்கொத்து, ஒரு மண்ணும் கிடையாது. அந்தம்மா பின்னாலிருந்து "ரைட்!" என்பார், இவர் வண்டியை எடுப்பார். கால் நூற்றாண்டு அப்படியே ஓடிப்போனது, இரண்டு பேருக்கும் குறையில்லை.

ரிட்டயர் ஆனபிறகு சும்மா இருக்க முடியாமல் கண்டக்டரம்மா ஒரு தொழில் தொடங்கினார். நான்கு கழிப்பறை வைத்த ஒரு டிரெய்லர். வெட்டவெளியில் எங்கே கூட்டம் கூடினாலும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டியது. கணக்குவழக்கு, வாடிக்கைக்காரர், பினாயில் எல்லாம் அந்தம்மா. ஸ்டியரிங் மட்டும் கியரு. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, பழைய பிக்கப் மண்டையைப் போடும் வரைக்கும்.

புதுசாக வந்தது ஆட்டோமேட்டிக். வாங்கச் சொன்னது கண்டக்டரம்மாவின் தம்பி. கார் ஷோரூமில் விற்பனை மேலாளர், வாயைத் திறந்தால் மூட மாட்டார். "மேடு பள்ளம், சேறு சகதி, பின்னால பாரம், எல்லாத்துக்கும் இதுதான் மாமா ராஜா. கிளட்ச் தேயாது. ஏத்தத்துல பின்னால உருளாது. வண்டியே பாத்துக்கும்."

"வண்டியே பாத்துக்கும்னா நான் எதுக்கு மாப்ள? டிக்கெட் வாங்கிக்கிட்டு உட்காரவா?" என்றார் கியரு.

கியருவுக்கு அதுதான் பயம். வெளியே கிண்டல், உள்ளே நடுக்கம். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அப்புறம் கியரு மட்டும் எதற்கு? போதாக்குறைக்கு, இடது காலுக்கு வேலை போய்விட்டது என்கிற சேதியை அந்தக் காலுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய், அங்கே அகலமாக உட்கார்ந்திருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி கல்லாக நின்றது. கண்டக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் மோதி இரண்டாகிவிட்டது. டிரெய்லருக்குள்ளே நான்கு கண்ணாடியில் மூன்று போயே போச்சு.

நேற்று கண்டக்டரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாளைக்கு மலைமேல பைக் ரேஸ். நீங்க டிரெய்லர மேல ஏத்திட்டீங்கன்னா சீட்டு உங்களுது. ஏத்தலன்னா என் தம்பி ஓட்டுவான். நீங்க வீட்ல உக்காந்து நிம்மதியா இருங்க."

நிம்மதியாவது ஒன்றாவது! சீட்டு போனால் ஆளே போன மாதிரி. கியரு ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை.

கண்டக்டரம்மாவே ஓட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். போன வருஷம் தம்பி காரில் பழகி, ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம் என்று ஒரு லைசென்ஸ் வாங்கித்தான் வைத்திருந்தார். கியரு அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாதி லைசென்ஸா இருக்கே, மீதி எப்போ தருவாங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அந்தம்மா எடுக்கவில்லை. இவரும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை.

ஆக, அடிவாரம். மேலேயிருந்து போட்டி நடத்துகிறவரின் மைக் அலறியது. "பொதுமக்கள் பொறுமை காக்கவும். கழிப்பறை வந்துகொண்டே இருக்கிறது."

கண்டக்டரம்மாவின் தம்பி ஜன்னலில் சாய்ந்துகொண்டு கடைசிப் பாடம் எடுத்தார். "மாமா, கேளுங்க. 'எல்' போடுங்க, கீழ் கியர்லயே நிக்கும். டிரெய்லர் படம் போட்ட பட்டன அழுத்துங்க, இழுக்கும்போது கியர் சும்மா சும்மா மாறாது. ரொம்ப உறுமவிட்டா கியர்பாக்ஸ் சூடாகி விளக்கு எரியும், பாத்துக்கோங்க."

"கியர்பாக்ஸுக்குக் காய்ச்சல் வேற வருமா? வந்தா என்ன குடுக்கணும், கஷாயமா?"

"விளையாடாதீங்க மாமா. முக்கியமான விஷயம், சேத்துல நடுவுல நிறுத்தவே கூடாது. எது நடந்தாலும் சரி, யாரு கத்தினாலும் சரி, நிறுத்தக் கூடாது. நின்னா செத்தோம்." இப்படிச் சொன்னவருக்கே திடீரென்று வயிற்றைக் கலக்கியது. "ஒரு நிமிஷம், வந்துடறேன்," என்று டிரெய்லரின் இரண்டாம் நம்பர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

கண்டக்டரம்மாவுக்கு இது தெரியாது. அவர் பின்னால் குனிந்து கொக்கியையும் சங்கிலியையும் இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். டிரெய்லர் தகட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்!"

அவ்வளவுதான். கால் நூற்றாண்டு அந்த ஒரு சொல்லுக்கு ஆடின உடம்பு ஆடிவிட்டது. இடது கால் 'கிளட்சை' மிதித்தது. கை லீவரைப் பிடித்து, ஃபர்ஸ்ட் கியருக்கு எப்படித் தள்ளுமோ அப்படி முன்னால் தள்ளியது. அந்த லீவரில் முன்னால் இருந்தது 'ஆர்', அதாவது ரிவர்ஸ். கால் எடுபட்டது, ஆக்சிலேட்டர் அழுந்தியது, வண்டி ஜம்மென்று பின்னால் போனது.

"ஐயோ! ஐயையோ!" கண்டக்டரம்மா பக்கவாட்டில் தாவினார். டிரெய்லர் கோணிக்கொண்டு போய் மண் மேட்டில் முட்டி நின்றது. இரண்டாம் நம்பர் கதவு மேட்டோடு ஒட்டிக்கொண்டது.

மேலே இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா! ஏறியாச்சா? ஏன் இறங்கற மாதிரி இருக்கு?"

கண்டக்டரம்மா ஜன்னலுக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. "ஏங்க, நான் ரைட்டுதானே சொன்னேன்?"

"நீ ரைட்டு சொன்ன. அதான் ஃபர்ஸ்ட் போட்டேன்."

"இதுல ஃபர்ஸ்ட் எங்கங்க இருக்கு?"

கியரு லீவரைப் பார்த்தார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார். "உன் குரல் கேட்டா கை தானாப் போகுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

வேறு நாளாக இருந்தால் அந்தம்மா இதைக் கேட்டு உருகியிருப்பார். முந்நூறு பேர் மேலே நெளிந்துகொண்டிருக்கும்போது உருக முடியுமா? "சரி, நான் வாயே திறக்கல. நீங்களா எடுங்க."

வாயே திறக்கவில்லை. கியருவும் எடுக்கவே இல்லை. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, மனுஷன் ஸ்டாப்பில் நிற்கிற பஸ் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் எடுக்கல?"

"நீ சொல்லலையே."

"நான் சொல்றேன் மாமா!" என்றது காற்றுத் துவாரம். "ரைட்! ரைட்! ரை...ட்!"

கியருவின் உடம்பில் ஒரு ரோமம்கூட அசையவில்லை. அது வெறும் சத்தம்.

"வேற வார்த்தை வெச்சுக்கலாம்," என்றார் கண்டக்டரம்மா. பின்னால் போனார். ஆத்திரமும் அவசரமுமாகக் கத்தினார். "போங்க!"

கியரு இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். முகம் தொங்கிப்போயிருந்தது. "எங்க போகச் சொல்ற? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என்னைப் போன்னு சொல்லியிருக்கியா?"

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன்! என் தலையெழுத்து!"

சமாதானமாகி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். இந்தத் தடவை மனசைக் கெட்டியாக்கிக்கொண்டு 'எல்' போட்டார். சக்கரம் மெதுவாகப் பிடித்தது, வண்டி முன்னால் ஒரு நகர்வு நகர்ந்தது. கியருவுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மைக், "கீழே இருக்கிறவங்க கிளம்பியாச்சா?" என்று கேட்டது. கண்டக்டரம்மா கையை ஆட்டி, "ரைட் ரைட், வந்துட்டோம்!" என்று பதில் சொன்னார்.

இடது கால் மிதித்தது. கை தள்ளியது. பழைய மண் மேட்டிலேயே மறுபடியும் ஒரு முட்டு. சக்கரம் சேற்றில் ஒரு சாண் இறங்கியது.

மேலேயிருந்து கூட்டம் கத்தியது கீழே வரைக்கும் கேட்டது. வார்த்தை விளங்கவில்லை. விளங்காததே நல்லது.

"அக்கா!" என்றது துவாரம். "போதும்கா. மாமாவ இறக்கு. நான் ஓட்டறேன். கதவ மட்டும் திற."

கண்டக்டரம்மா கதவைத் தள்ளிப் பார்த்தார். வண்டி முன்னால் நகர்ந்தால்தான் கதவு திறக்கும். யாராவது ஓட்டினால்தான் வண்டி நகரும். ஓட்டப்போகிறவர் உள்ளே.

அந்தம்மா நெற்றியில் வழிந்த சேற்றைத் துடைத்தார். துடைத்த கையிலும் சேறு. கியரு கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது இறங்கினால் சீட்டு போனது போனதுதான், திரும்பி வராது. எத்தனை மலை, எத்தனை வளைவு, ஒரு நாள்கூட பிரேக்டவுன் என்று வேறு ஒருத்தரை வண்டியை எடுத்துப்போக விட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தே விட்டது. சேறு தெறித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறந்து இறங்கினார்.

"நீ ஏறு."

"என்னது?"

"லைசென்ஸ் வெச்சிருக்கல்ல? ஏறு."

"அது பாதிதானே?"

"இந்த வண்டிக்கு அது முழுசு. எனக்குத்தான் இதுல பாதி கூடுதலா இருக்கு. ஏறும்மா, ஜனங்க பாவம்."

கண்டக்டரம்மா ஏறி உட்கார்ந்தார். "எனக்குப் பயமா இருக்குங்க."

"பயம் இருக்கட்டும், அது பாட்டுக்கு. 'எல்' போடு. உன் தம்பி சொன்ன பட்டன அழுத்து. சரிவ நேரா புடி, கோணலா ஏறாத. சக்கரம் வழுக்கினா ஸ்டியரிங்க லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு, எங்கயாவது புடிக்கும். ஆக்சிலேட்டர ஒரே சீரா வை, மிதிக்காத, விடாத. மேல போற வரைக்கும் நிறுத்தாத."

வண்டிக்குள் இருந்த ரப்பர் மிதியடிகளை எல்லாம் உருவி நான்கு சக்கரத்துக்கும் அடியில் செருகினார். பின்னால் போய் நின்றார். தகட்டில் தட்டினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ரைட்!"

கண்டக்டரம்மா அதைக் கேட்கவே இல்லை. ரைட் சொல்லியே பழகினவருக்கு யாராவது ரைட் சொன்னால் எப்படிக் காதில் விழும்? அந்தம்மா ஏற்கெனவே எடுத்துவிட்டார். சக்கரம் நான்கும் சுழன்றன. அடிவாரத்துச் சேறு பாதி கியருவின் மேல் வந்து விழுந்தது. வாய் திறந்திருந்ததால் கொஞ்சம் உள்ளேயும் போனது. ரைட் சொல்கிற வேலையில் இத்தனை சேறு இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிதியடி பறந்தது, சக்கரம் பிடித்தது, வண்டி ஏறியது. மண் மேட்டிலிருந்து டிரெய்லர் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஒரே கியரில், ஒரே உறுமலில், அலுங்காமல் போனது. பாதிச் சரிவில் டிரெய்லரின் வால் வழுக்கியது. ஸ்டியரிங் லேசாக அசைந்தது, அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பிடித்துக்கொண்டது.

"அப்படித்தான்! அப்படித்தான்மா! விடாத!" கியரு சேற்றில் குதித்தார்.

"அக்கா, நிறுத்து! நான் உள்ள இருக்கேன்! தண்ணி மேல வருதுக்கா!"

ஜன்னல் வழியாகப் பதில் வந்தது. "நிறுத்தக் கூடாதுன்னு நீதானடா சொன்ன!"

உச்சியில் கைதட்டலும் விசிலும் வானத்தைப் பிளந்தன. ரேஸ் ஜெயிக்கிறவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது. வண்டி நின்றதுதான் தாமதம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தன் இரண்டாம் நம்பர் கதவைப் பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து கழிப்பறை மருந்து கலந்த நீலத் தண்ணீர் சொட்டச் சொட்ட விற்பனை மேலாளர் வெளியே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கூட்டம் உள்ளே பாய்ந்தது.

கியரு நடந்துதான் ஏறினார். இரண்டு தடவை விழுந்தார், மூன்றாம் தடவை தவழ்ந்தார். மேலே போனதும் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். "பரவால்லையே" என்று சொல்லலாம். "எல்லாம் வண்டி பாத்துக்குச்சு" என்றும் சொல்லலாம்.

கண்டக்டரம்மா இன்னும் சீட்டிலேயே இருந்தார். ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் அணைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி. முகம் சிவந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா, பயந்துட்டியா?"

அந்தம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். மூச்சு வாங்கியது. "ஏங்க, இவ்வளவு சந்தோஷத்தையும் இத்தனை வருஷமா நீங்க ஒருத்தரே வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

கியருவுக்குக் கிண்டல் ஒன்றுகூடக் கைக்குச் சிக்கவில்லை. கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தார், சட்டை கையைவிட மோசமாக இருந்தது.

"ஆமாம்மா," என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் குடுக்க மனசு வரல."

அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கியருவும் சிரித்தார், பல்லிலும் சேறு. மனசு எப்படியோ லேசாகிவிட்டது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அப்படியே ஏறாதீங்க!" என்றார் கண்டக்டரம்மா. "போய்க் குளிச்சுட்டு வாங்க. என் வண்டி."