இருந்த பணத்துக்கு ஒரு பொய்க் கடிதம்

மின்னஞ்சல் வந்தபோது சின்னவள் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அவளுக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை. மேல்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, படிப்பு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு நாளெல்லாம் போனையே பார்த்துக் கிடந்தவள். பொறுக்க மாட்டாமல் ஒரு கையால் திறந்தாள்.

விசா இல்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பாள், காரணம்தான் அவளைச் சுவரில் சாய வைத்தது. செலவுக்குப் பணம் இருப்பதாக அவள் காட்டிய வங்கிக் கடிதம் போலியாம். வங்கியிடமே கேட்டு உறுதி செய்துவிட்டார்களாம். ஏமாற்றப் பார்த்ததற்காக ஐந்து வருடத்துக்கு அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கவே கூடாதாம். கடிதத்தின் நகலையும் கீழே இணைத்திருந்தார்கள்.

"என்னம்மா, அதுக்குள்ள சரியாயிடுச்சா?" என்றார் பெரியவர், காலை அந்தரத்தில் வைத்தபடியே.

அந்தப் பணம் அண்ணன் போட்டது. லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன். வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று, "பணம் கணக்குல ஏறிடுச்சு, நீ பிளேன்ல ஏற வேண்டியதுதான் பாக்கி" என்று சிரித்தவன். பேருந்தில் வரும்போது அந்தச் சிரிப்பே அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மனை உண்மையிலேயே விலை போனதா? போகாமல், தங்கையிடம் சொல்ல முடியாமல், ஏதாவது செய்து தொலைத்தானா?

வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் நேராகப் போய் நின்றாள்.

"அண்ணா, மறைக்காம சொல்லு. அந்தப் பணத்தை நிஜமாவே போட்டியா?"

விளையாடுகிறாள் என்று நினைத்து முதலில் சிரித்தான். போனை நீட்டினாள். படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னையா கேக்குற?" என்றான். அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டான்.

காலையில் வங்கிக்கு அவனே கூட்டிப் போனான். மேலாளர் ஒரு பெண்மணி. கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பணம் அப்படியே இருந்தது. ஒரு காசு குறையவில்லை. பிறகு போனிலிருந்த கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், இது நாங்க குடுத்தது இல்ல. கையெழுத்தே என்னோடது கிடையாது. நான் குடுத்த லெட்டர் என்னாச்சு? விசா ஆபீஸ்லேருந்து கேட்டப்போ, இது எங்களோடது இல்லைன்னு பதில் போட்டோம். வேற என்ன சொல்ல முடியும்?"

அண்ணன் வங்கியில் வாங்கிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது, விண்ணப்பத்தை அனுப்பித் தந்த விசா ஆலோசகனிடம். அங்கிருந்து நேரே அவனிடம் போனார்கள். சுவர் முழுக்க விமான நிலையத்தில் பெட்டியோடு பல்லைக் காட்டும் பிள்ளைகளின் படங்கள். அவன் பதறவே இல்லை. இழுப்பறையைத் திறந்து அசல் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது கொஞ்சம் வீக்கா இருந்துச்சு சார். பணம் போன மாசம்தான் வந்திருக்குன்னு போட்டிருக்காங்க. திடீர்னு வந்த பணம்னா சந்தேகப்படுவாங்க. அதான் ஆறு மாசமா இருக்கிற மாதிரி நாங்களே ஒண்ணு ரெடி பண்ணி வச்சோம். உங்க நல்லதுக்குத்தான்."

"மனை வித்த பத்திரம் குடுத்தேனே! அதை வச்சிருந்தா போதாதா?"

"வச்சிருக்கலாம்..."

"என்கிட்ட இருக்கிற பணத்துக்கு எதுக்கு சார் பொய்யி?"

ஆலோசகன் அவள் பக்கம் திரும்பினான். "எல்லாம் உண்மைன்னு கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டது மேடம்தானே?"

போட்டாள்தான். வேலைக்கு நேரமாகிறது என்று, அவன் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் போட்டாள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். மேலாளர் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதையெல்லாம் வைத்து மேல்முறையீடு செய்தாள். மாதக்கணக்கில் இழுத்தடித்து வந்த பதில் இரண்டே வரி: பணம் உண்மை என்பதை ஏற்கிறோம், உங்கள் பெயரில் போலி ஆவணம் வந்ததும் உண்மை, தடை நீடிக்கும். ஆலோசகன் அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான்.

அன்று துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் உட்கார்ந்தாள். "அண்ணன் இன்னும் என் முகத்தைப் பார்த்தே பேச மாட்டேங்குதே, அண்ணி."

அண்ணி கையிலிருந்த சட்டையை உதறினாள். "பேங்குக்கு அவர் எதுக்கு வந்தாருன்னு நினைக்கிற? பணம் இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? நீ பாக்கணும்னுதான் வந்தாரு."

சின்னவள் எழுந்துபோய், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன்முன் நின்றாள்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணா."

"கேட்டுட்டியே" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இந்தப் படிப்பு வேற நாட்டுல கிடையாதா?"

"இருக்கு."

"அப்ப தேடு. இந்தத் தடவை பேப்பரையெல்லாம் நாமளே அனுப்புவோம்."

அவளைப் பார்க்காமலே படியிறங்கிப் போனான்.