துளியும் ஒழுகாத கார்

காருக்குள் கைவிளக்கோடு உட்கார்ந்திருந்தாள் ஏவ்ரில். வெளியே அவள் கணவர் ரோலண்ட் தோட்டக் குழாயைப் பிடித்துக் காரின் துணிக்கூரை மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். வானமும் அதே வேலையைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தது. ஆனால் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மழைக்கு ஒரு ஒழுங்குமுறை கிடையாது என்பது ரோலண்டின் கருத்து. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தக் கடல்காற்று எந்த மலையில் மோதி எங்கே மழையாகும் என்று தூக்கத்திலும் சொல்வார். தன் காரில் விழும் மழை எங்கே போகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

"வருதா?" என்று கத்தினார்.

"வருது."

"எங்க வருது? பொத்தாம்பொதுவா சொல்லாத. ஆராய்ச்சின்னா துல்லியம் வேணும்."

"என் மடியில வருது. இந்தத் துல்லியம் போதுமா?"

"அது நீ உக்காந்திருக்கற கோணம் கண்ணே. கொஞ்சம் சாஞ்சுக்கோ."

கார் ஒரு பழைய ஹாலிஸ்டன். பச்சை நிறம், இரண்டே இருக்கை. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. வெட்கப்பட்டு மூடியதாகக்கூட இருக்கலாம். மழைக்குப் பேர்போன நாட்டில், மழையைப் பற்றிக் கேள்வியே படாதவர்கள் வடிவமைத்த வண்டி அது. கண்ணாடி விளிம்பில் ஒழுகும், கதவில் ஒழுகும், எங்குமே ஓட்டை இல்லாத இடத்திலும் ஒழுகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தரைவிரிப்புகள் கழன்று வந்து ஏவ்ரிலின் படுக்கையறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் படுத்துக்கொள்ளும். நனைந்த நாயும் பழைய காலுறையும் கல்யாணம் செய்துகொண்ட வாசனை வீடு முழுக்க. ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்று வாங்கினார்கள். அது காருக்குள் வேலை செய்தது. படுக்கையறைச் சுவரில் பூஞ்சை பிடித்தது.

இத்தனைக்கும் ரோலண்ட், ஹாலிஸ்டன் உரிமையாளர் சங்கத்தில் ஒழுகல் நிபுணர். மாதாமாதம் சங்கப் பத்திரிகையில் மற்றவர்களுக்கு யோசனை எழுதுவார். அந்தச் சங்கத்தில் ஒரு மரபு உண்டு: அடுத்தவன் கார் ஒழுகும், என் கார் 'கொஞ்சம் சுவாசிக்கும்'. கொட்டுகிற மழையிலும் கூரையை மடக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். கூரை போடுகிறவன் கோழை. கூரை இல்லாதபோது ஒழுகல் என்ற பேச்சுக்கும் இடமில்லை என்பது உபரி லாபம்.

அந்த இலையுதிர் காலத்தில் ரோலண்டுக்கு ஞானம் பிறந்தது. கதவுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, உள்ளீடற்ற இரும்புப் பெட்டி ஒன்று இரண்டு பக்கமும் ஓடுகிறது. கார் உடைந்து இரண்டாகாமல் நிற்பதே அதை நம்பித்தான். அதன் அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"பாத்தியா! தொழிற்சாலைக்காரன் அடைக்க மறந்துட்டான். சாலைத் தண்ணி பூரா இது வழியாத்தான் ஏறுது."

"பூந்தொட்டிக்குக்கூட அடியில ஓட்டை இருக்கு ரோலண்ட். தண்ணி இறங்கத்தான்."

"இது பூந்தொட்டி இல்ல."

அதுவும் சரிதான். பூந்தொட்டியில் பாசி அவ்வளவு செழிப்பாக வளராது.

ஒரு வாரம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஓட்டைகளில் துருவேறி உதிர்ந்த இடங்களைப் பட்டி வைத்துத் தேய்த்தார், சிலிக்கான் பசையால் அடைத்தார், மேலே தார் பூசினார், அதன்மேல் பெயிண்ட். உள்ளே கால் வைக்கும் தளத்தின் இணைப்புகளையும் விடவில்லை. அதிசயம் நடந்தது: மழை பெய்தது, தளம் காய்ந்தே இருந்தது. தண்ணீர் எங்கே போயிற்று என்று புவியியல் ஆசிரியர் கேட்டுக்கொள்ளவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் விருந்தில், சங்கத்தார் அத்தனை பேர் முன்னிலையில், கையில் பீர்க் கோப்பையோடு எழுந்து நின்றார்.

"ஆகஸ்ட் கண்காட்சியில என் கார்ல ஒரு சொட்டு தண்ணி, ஒரே ஒரு சொட்டு, யாராவது காட்டிட்டா, முதல்ல கேக்கறவருக்குக் காரை வித்துடறேன். இது ஆம்பளை வாக்கு!"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஏவ்ரில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நிரந்தரமாகக் காய்ந்த படுக்கையறையைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இந்த ஜென்மத்தில் உண்டு என்று அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது. அந்த ஒரு சொட்டுக்காக அவள் எட்டு மாதம் காத்திருந்தாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளத் தெரிந்திருந்தால் அதையும் செய்திருப்பாள்.

ஆகஸ்ட் விடுமுறை நாளில் கண்காட்சி. வழக்கம்போல மழை. கிராமத்துப் புல்வெளியில் கூரை மடக்கிய ஹாலிஸ்டன்கள் வரிசையாக நனைந்தன. பக்கத்தில் சொந்தக்காரர்கள், மழை என்று ஒன்று இல்லாததுபோல, தேநீர் குடித்தபடி நனைந்தார்கள். நடுவர் வினிஃப்ரெட் அம்மாள், எண்பதைத் தாண்டியவர், கைத்தடியோடு ஒவ்வொரு காராக வந்தார். தடியால் கதவின் அடியில் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல இரும்பு 'டங்' என்னும். பட்டி வைத்து மூடிய துரு 'தொப்' என்னும்.

ரோலண்டின் கார் இரண்டும் சொல்லவில்லை. 'களுக்' என்றது.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இது தளும்பவில்லைதான், நிறைந்திருந்தது.

வினிஃப்ரெட் அம்மாள் புருவத்தை உயர்த்தி, இன்னொரு தட்டு, சற்று ஓங்கித் தட்டினார். தடியின் முனை பெயிண்டைத் தாண்டி, தாரைத் தாண்டி, பட்டியைத் தாண்டி உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் பழுப்புத் தண்ணீர் வந்தது. காபி நிறம். குளிர்காலம், வசந்தகாலம், கோடைகாலம் மூன்றின் மழையும் ஒரே தாரையாக, நடுவரின் காலணி மேல் விழுந்தது. நிற்கவில்லை. துருச் செதில்கள் மீன் செதில்போல மிதந்து வந்தன.

மற்றவர் மானம் போகும்போது வானத்தைப் பார்ப்பதுதான் அங்கே மரியாதை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மட்டும், "சுவாரசியமா இருக்கே" என்றார்.

ரோலண்ட் தொண்டையைக் கனைத்தார்.

"பாத்தீங்களா? இவ்வளவு தண்ணியும் உள்ளேயே நின்னிருக்கு. ஒரு சொட்டு ஒழுகல! இரும்பு எவ்வளவு கெட்டியா இருந்தா இப்படித் தாங்கும்!"

சங்கத்தாருக்குப் போன உயிர் வந்தது. அதானே என்றார்கள். இந்தக் காலத்து வண்டியால முடியுமா என்றார்கள். குவின்டின் ஃபாஸெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ரோலண்டின் ஜென்மப் போட்டியாளர். ஒழுகல் பற்றி ரோலண்ட் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு எழுதுகிறவர். குனிந்து தண்ணீரைப் பார்த்தார், நிமிர்ந்து தலையை ஆட்டினார். நிபுணர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

ஏவ்ரில் குடையை மடக்கினாள்.

"ரோலண்ட், தண்ணி காட்டியாச்சு. கிறிஸ்துமஸ்ல என்னமோ சொன்னியே?"

"அது... உள்ள வர்ற தண்ணியப் பத்தி கண்ணே. இது வெளிய போற தண்ணி."

"'ஒரு சொட்டு'ன்னுதான் சொன்ன. வரவு, செலவு எல்லாம் பிரிக்கல."

"மேடம் சொல்றது நியாயம்" என்றார் குவின்டின். "வாக்கு வாக்குதான். நான் கேக்கறேன், எனக்குக் குடுத்துடுங்க. இவ்வளவு உறுதியான அடிப்பாகம் இந்த நாட்டுல இன்னொண்ணு கிடையாதுன்னு நீங்களே இப்ப சொன்னீங்களே."

ரோலண்ட் தப்பிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும் என்று ஏவ்ரிலுக்குத் தெரிந்தது. 'இதை வாங்காதீங்க, அடி முழுக்கத் துரு, ஓட்டையை அடைச்சது என் தப்பு.' சொன்னால் கார் மிஞ்சும், நிபுணர் போய்விடுவார். வாயைத் திறந்தார். சங்கத்தார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடினார்.

ஏவ்ரிலுக்குக் குவின்டின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. கொஞ்சம்தான்.

"எதுக்கும் அடியில ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க."

"அடியிலயா?" குவின்டின் சிரித்தார். "மேடம், கத்துக்குட்டிங்கதான் அடியில பாப்பாங்க. எனக்கு ஒரு கார் நிக்கற தோரணையே போதும்."

"சரி. நான் சொல்லலன்னு பின்னால சொல்லக்கூடாது."

ரோலண்ட் கையை நீட்டினார். குவின்டின் குலுக்கினார். கைதட்டல் எழுந்தது. வினிஃப்ரெட் அம்மாள், காலணியை உதறிக்கொண்டே, கட்டுமான உறுதிக்கென்று சிறப்புப் பரிசு அறிவித்தார். இருவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்கள், நடுவில் பழுப்பாக ஒழுகிக்கொண்டு கார்.

வீட்டுக்குப் போகப் பேருந்துதான். நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ரோலண்ட் குரலைத் தாழ்த்தினார்.

"குவின்டின் சரியான முட்டாள். அந்தக் கார் ஒரு நல்ல மேடுபள்ளத்துக்குத் தாங்காது. நடுவுல மடங்கிடும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? பட்டி வைக்கும்போது விரலே உள்ள போச்சு."

"அப்ப சொல்லியிருக்கலாமே. கார் உனக்கே இருந்திருக்கும்."

"எப்படிச் சொல்றது?" ரோலண்ட் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "அத்தனை பேர் இருந்தாங்களே."

பேருந்து வந்தது. ஏவ்ரில் ஏறி, ஒற்றை இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள்.