காட்டுயானம் தூங்கிய ஆறு மாதம்

லாகர் பீர் தனியாகத் தூங்காது. காய்ச்சி முடித்துக் குளிர் அறைத் தொட்டியில் விட்ட பிறகு, அது பக்குவமாகும்வரை பக்கத்தில் ஒரு ஆள் படுத்துத் தூங்க வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஆலையில் பத்து வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் நான். தொட்டிக்கு அருகில் ஒரு கட்டில், இரண்டு கம்பளி. பார்லிக்கு நாற்பது நாள். படுத்தால் எழுந்துவிடலாம்.

பிறகு ஆலையில் பழைய தானியங்களுக்கு மாறினார்கள். பழைய தானியம் வயலில் எத்தனை நாள் நின்றதோ, தொட்டியிலும் அத்தனை நாள் தூங்கும். முதலில் தினை. எண்பத்தைந்து நாள் தூங்கி எழுந்தபோது, ஒரு மலைச்சரிவும் அதில் கிளி விரட்டும் சத்தமும் எனக்கு ஞாபகம் இருந்தன. என் கல்யாணம் ஞாபகத்தில் இல்லை. தினை உள்ளே வர இடம் வேண்டுமே, ஏதோ ஒன்று வெளியே போயிருக்கிறது. அந்த லாகர் முழுவதையும் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த சாமைக்கு என்னோடு வேலை செய்த இருதயராஜ் படுத்தார். ஐம்பதாம் நாள் யாரோ கதவை வேகமாகச் சாத்த, அவர் விழித்துவிட்டார். கூடவே லாகரும் விழித்தது. பாதியில் விழித்தால் அது தானியம் விளைந்த ஊருக்குப் போய்விடும். இரண்டாயிரம் லிட்டரும் ஜவ்வாது மலைக்குப் போனது. போளூர் வரைக்கும் பஸ்ஸில் சத்தம் போடாமல் உட்கார்ந்து வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். இருதயராஜும் அதனோடு போனார். கூடத் தூங்கியவர் கூடத்தான் போக வேண்டும்.

ஆவணி மாதம் அந்துவான் சார் என்னைக் கூப்பிட்டார். அவர்தான் காய்ச்சுவதற்குப் பொறுப்பு.

"இந்தத் தடவை காட்டுயானம், வேதவல்லி. நூற்று எண்பது நாள்."

காட்டுயானம், உள்ளே யானை நின்றால் தெரியாத உயரத்துக்கு வளரும் நெல். அவ்வளவு பெரியது உள்ளே வந்தால் எனக்குள் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். என் கணவர் கதிரேசன் மிஞ்சமாட்டார் என்று தோன்றியது. அவர் வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவர். ஒல்லியான ஆள். எளிதாக வெளியே போய்விடுவார்.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் லாகருக்குத் தெரிந்துவிடும். நான் புரண்டால் உள்ளே அதுவும் புரண்டது. ஒன்பது நாள் இருவரும் விழித்துக் கிடந்தோம். அந்துவான் சார் தினமும் வந்து தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே போவார். ஒன்பதாம் நாள் மட்டும் பேசினார்.

"நாளைக்கும் தூங்கலைன்னா கெளம்பிடும். நீயும் கெளம்பணும். திருத்துறைப்பூண்டிப் பக்கம்னு சொன்னாங்க, வயல் எதுன்னு எனக்கே தெரியாது."

மறுநாள் மத்தியானம் கதிரேசன் சாப்பாடு கொண்டுவந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுரைக்காய்க் கூட்டும் அப்பளமும் வைத்திருந்தார்.

"என்னங்க, உங்கள மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"மறந்தா என்ன? நான்தான் ஞாபகம் வச்சிருக்கேனே. நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ."

"எல்லாத்தையும் சொல்லிட முடியுமா?"

நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். காலையிலிருந்து பன்னிரண்டு ஜன்னல் அடித்துவிட்டு வந்தவர். தொட்டிக்குள் சத்தம் மெல்லத் தணிந்தது. பிறகு நின்றது. பத்து நாளில் முதல் தடவையாக லாகர் தூங்கியது.

நான் அவர் தோளுக்குப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். எழுப்பினால் அவரும் லாகரும் கிளம்பிவிடுவார்கள். அந்துவான் சார் வாசலில் நின்று, உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்த ஆறு நிமிஷம் ஆனது.

அதன்பிறகு என் வேலை வெளியே நிற்பது. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே அவர் மூச்சை எண்ணினேன். கம்பளி சரிந்து இடது கால் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு டிகிரி குளிர். போய் மூட முடியாது. அந்தக் காலையே ஐந்தரை மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி நெருங்கியபோது பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நல்ல மனிதர்கள். வெளிச்சத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டு, சத்தத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள். கார்த்திகை மழைதான் யார் சொல்லும் கேட்கவில்லை. ஆலைக் கூரைத் தகரத்தின் மேல் எங்கள் வீட்டுப் பாய், போர்வை, என் புடவைகள் எல்லாவற்றையும் விரித்தேன். நூற்றுப் பதிமூன்றாம் நாள் ஒரு இடி இடித்தது. அவர் கண் இமை அசைந்தது. தொட்டிக்குள் இரண்டாயிரம் லிட்டரும் எழுந்து உட்கார்ந்தது. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்து, தூங்குங்க, தூங்குங்க என்று வாயை மட்டும் அசைத்தேன். வெகுநேரம் கழித்து அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். லாகரும் படுத்தது.

மாசியில் நாள் முடிந்தது. கதவைத் திறந்தார்கள். கதிரேசன் எழுந்து உட்கார்ந்து என்னை மரியாதையாகப் பார்த்தார்.

"தண்ணி பாய்ச்சுற ஆளா நீங்க?"

"ஆமா," என்றேன்.

"முழங்கால் அளவு போதும். அதுக்கு மேல வேணாம்."

வீட்டுக்கு அழைத்துப்போனேன். வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அதில் காலை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். அந்த ஜன்னலுக்கு வலை அடித்தது அவர்தான் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். எங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். எனக்கும் அது தெரியவில்லை. இருவருமாகக் காற்று வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காட்டுயான லாகரை வெளியூர் அனுப்பவில்லை. ஆலைத் தோட்டத்திலேயே மேசை போட்டு ஒரு சாயங்காலம் ஊற்றினார்கள். செம்பு நிறம், மேலே மெல்லிய நுரை. என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஓரமாக நின்றேன். முதல் மேசையில் தடித்த மீசைக்காரர் ஒருவர், நான் அறியாதவர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வேதா, மாடியில துணி கெடக்கு," என்றார்.

"இன்னிக்கு ஈரக்காத்து. காயாது," என்றாள் அடுத்த மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட பெண்.

கல்லூரி ஆசிரியர் மாதிரி இருந்த ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ எளைச்சுட்டே. கல்யாணத்தன்னிக்குப் பாயசம் ரெண்டாவது தடவை கேட்டியே, அப்ப இருந்த முகம் இல்ல இது."

"கேட்டேனா?"

"கேட்டே. எங்க அண்ணிகூடச் சிரிச்சாங்க," என்றார் தூரத்து மேசைக்காரர்.

நான் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றேன். எல்லோரிடமும் கதிரேசன் கொஞ்சம் இருந்தார். துணி எடுக்க வேண்டியிருந்ததால் கிளம்பினேன். அவர்களும் கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். எங்கள் தெரு முனையில், நான் சொல்லாமலே எல்லோரும் இடதுபக்கம் திரும்பினார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றி, கதிரேசன் வைப்பதுபோலவே ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்தார்கள். மீசைக்காரர் மாடிக்குத் துணி எடுக்கப் போனார். உள்ளே கதிரேசன், வாளியோடு சற்று நகர்ந்து எல்லோருக்கும் இடம் விட்டார். நான் பெரிய பானையில் உலை வைத்தேன்.