ஜெயந்தினி கண் வைத்த கோழி

"என் கோழிய எண்ணுனியா இல்லையாடி? அத மட்டும் சொல்லு!"

"எண்ணலக்கா. பேர்தான் சொன்னேன்."

"பேர் சொன்னாளாம்! நேத்து கோழின்னு சொன்ன, இன்னைக்குக் கால நீட்டிக் கெடக்கு!"

பூரணி செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயந்தினியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். அதன் அலகிலிருந்து ஏதோ வடிந்து வாசல் சிமெந்தில் சொட்டியது. பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள். காலங்காத்தாலே இப்படியொரு சண்டை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

விஷயம் இதுதான். வயிற்றுப் பிள்ளை கலைந்ததிலிருந்து ஜெயந்தினிக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், முகம் கழுவக்கூட மனம் வராது. ஹட்டனில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கேயிருந்த மிஸ் மாத்திரையோடு சில வேலைகளும் சொல்லிக் கொடுத்தாள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தலை வார வேண்டும். மூச்சு முட்டினால் கண்ணில் படுவதை, காதில் விழுவதை, மூக்கில் ஏறுவதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மனம் அலைவது அடங்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த மிஸ் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தவள் இல்லை. இங்கே ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; நடுச்சுவர் கூரைத் தகரம் வரை போகாது. இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி வாசலில் நின்று, "பூரணியக்கா கோழி... பூரணியக்கா மக தனுஷிகாவோட புதுச் சுடிதார்... பூரணியக்கா வீட்டுக் கருவாட்டு வாசம்..." என்று முணுமுணுத்தால்? அடுத்தவர் வீட்டில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதற்கு லயத்தில் ஒரே அர்த்தம்தான்: கண் வைப்பது.

அந்த வாரம் லயத்தில் பாதிக் கோழி சீக்கு வந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தது பூரணிக்கும் தெரியும். அதைச் சொன்னால் சண்டைக்கு ருசி ஏது?

"இது மாத்திரையில தீராது நாகலெட்சுமியக்கா," என்று ஜெயந்தினியின் மாமியார்க்காரியிடம் திரும்பினாள். "ஒங்க மருமக மேல என்னமோ ஏறியிருக்கு. அதுதான் பேசுது."

நாகலெட்சுமிக்கு அது போதும். மருமகளுக்கு மனம் சரியில்லை என்றால் குடும்பத்துக்கு அவமானம். பேய் என்றால் குற்றம் பேயுடையது. மாத்திரை அட்டையை அப்போதே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பூசாரி சாமி வந்து பாக்குற வரைக்கும் இது வேணாம்."

அந்த மாத்திரையும் முணுமுணுப்பும்தான் ஜெயந்தினிக்குப் பிடிமானம். மறுபடி கொழுந்தெடுக்கப் போகலாம் என்றுகூட நினைத்திருந்தாள். "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க," என்றாள் புருஷனிடம்.

மதுரன் கொட்டகலையில் ஒரு துணிக்கடையில் நிற்பவன். யார் எதைக் கேட்டாலும் எடுத்துப் போட்டுப் பழகியவன். "அம்மா மனசுக்காக ஒரு தடவ உக்காரேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோலைமலைப் பூசாரி வந்தார். அவருக்கு முன்னாலேயே கசிப்புச் சாராய நெடி படியேறி வந்தது. நெருப்புத் தட்டில் மிளகாயைப் போட்டு அவள் மூக்கடியில் புகை காட்டினார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மதுரன். ஜன்னலில் முகங்கள் அப்பிக் கிடந்தன. தனுஷிகா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தார். "யாருடி நீ? சொல்லு!"

மூச்சு முட்டியது. ஜெயந்தினி கண்ணைத் திறந்தாள்.

"சாமி நகத்துல அழுக்கு," என்றாள். ஜன்னலில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "தாடியில வெத்தல எச்சி. ஜன்னல்ல பூரணியக்கா, எதையோ மென்னுக்கிட்டே பாக்குறாங்க. கசிப்பு நாத்தம். தொவைக்காத வேட்டி நாத்தம்."

"பாத்தீங்களா, பேய் எம்புட்டு வெவரமா பேசுது!" என்றாள் பூரணி.

பிரம்பு தோளில் விழுந்தது. ஜெயந்தினி புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைக் கீழே வைக்கவில்லை. புகை தன் கண்ணில் படாதபடி முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சோற்றைப் பிசையும்போது புழுவைக் கண்டால் வருமே, அந்த அருவருப்புத்தான் வந்தது. கூந்தலை உருவிக்கொண்டு எழுந்தாள். இத்தனை பேயை ஓட்டிய பூசாரி ஒரு பெண் எழுந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மாமியாரின் முந்தானை முடிச்சைத் தானே அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள்.

"போறேன் மாமி."

போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. லயம் முழுக்க அதைக் கவனித்தது.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஹட்டனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவரின் மகன் லோஜன் அதைப் பார்த்துச் சிரித்துத் தனுஷிகாவுக்கு மெசேஜ் போட்டானாம். சித்திரையில் அவளையே கட்டிக்கொண்டு போய்விட்டான். கல்யாணத்தில் பூரணி இரண்டு பந்தி சாப்பிட்டாள்.

ஜெயந்தினி உடப்புசல்லாவையில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். அங்கே கொழுந்தெடுக்கிறாள். மூன்று மாதம் கழித்து மதுரனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். அங்கே ஒரு கடையில் வேலை, அந்தக் கடைக்குப் பின்னாலேயே படுக்கை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேத்தண்ணி கொடுக்கிறாளாம். வாசலைத் தாண்ட மட்டும் விடுவதில்லையாம்.