எட்டாவது குரல்

டிக்கெட் கவுண்டர்க்காரி வாழ்க்கையில் பெரிதாகச் சொன்னது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதை பஸ் நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். குழுவாக ஆடும் நீச்சல் நடனத்தில் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் விருட்டென்று எழும்பி, அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு விழுவாளே, அவள் தன் மகள்தான் என்று. உண்மையில் அப்படிப் பறக்கிற பெண்ணுக்குச் சிட்டு என்று பட்டப்பெயர். மகளுக்குக் குழு வைத்த பெயர் நங்கூரம். எட்டுப் பேரில் ஆழத்தில் இருப்பவள் அவள். மூச்சை அடக்கிக்கொண்டு, மேலே இருப்பவர்களைத் தோளில் தாங்கி, பாட்டுத் தாளத்தின் சரியான எண்ணிக்கையில் உந்தித் தள்ள வேண்டும். குளத்தின் தரையில் கால் படவும் கூடாது. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அவள் படவே மாட்டாள். கண்ணில் படாததைச் சொல்லி எப்படிப் பீற்றிக்கொள்வது? அதனால் வந்த பொய்.

இன்று அதற்கு வினை வந்திருந்தது. இறுதிப்போட்டி. இரண்டாம் கவுண்டர்க்காரியும் டிரைவர்கள் நான்கு பேரும் விடுப்புப் போட்டுவிட்டு கேலரியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா உடைமாற்றும் அறையில், வெந்நீரில் கரைத்த ஜெலட்டின் கிண்ணத்தோடும் பெயிண்ட் பிரஷ்ஷோடும் நின்றிருந்தாள். கொண்டையில் பூசினால் அது காய்ந்து இறுகிவிடும், தண்ணீருக்குள் ஒரு முடிகூட அசையாது. மூன்று வருடமாக இது அவள் பொறுப்பு. பாதித் தலை முடிந்திருந்தது. வலது காதுக்கு மேலே பிரஷ் பட்டதும் மகள் சடாரென்று தோளைக் குறுக்கினாள். அம்மா விரல் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்னடி இது?"

"ஒன்னுமில்லம்மா. நேத்து சிட்டு விழறப்ப குதிகால் பட்டுடுச்சு. நீ பூசு."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"சிரிச்சிக்கிட்டேதான மேல வந்தேன், எப்படித் தெரியும்?"

இந்த விளையாட்டில் அது ஒரு பெரிய தொல்லை. நெஞ்சு வெடிக்கப் பார்க்கட்டும், யாருடைய முழங்காலோ விலாவில் இடிக்கட்டும், தலை வெளியே வந்தால் பல் தெரியச் சிரித்தாக வேண்டும். பழகிப் பழகி, அடிபட்டாலும் முதலில் வருவது சிரிப்புதான்.

"தலை வலிக்குதா?"

"லைட்டப் பாத்தா கொஞ்சம். நாலு நிமிஷம்மா. முடிச்சிட்டு எங்க வேணா கூட்டிட்டுப் போ."

மறைப்பானேன், அம்மாவுக்கும் சபலம் தட்டியது. மூன்று வருட விடியற்காலைப் பயிற்சி. கேலரியில் அத்தனை பேர். நாலே நிமிஷம்தானே! பிரஷ்ஷை மறுபடி கிண்ணத்தில் முக்கியும் விட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்து மகள் பேச்சை மாற்றினாள். "நேத்து ஒரு கூத்து நடந்துச்சு, கேளேன்."

பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை தூக்கி எறிந்த பிறகும், தலை வெளியே வந்ததும் அவரவர் எண்ணை வரிசையாகக் கத்த வேண்டும். ஆழத்திலிருந்து கடைசியாக வருகிற நங்கூரம் "எட்டு" என்ற பிறகுதான் அடுத்த வேலை. ஒரு குரல் குறைந்தாலும் கோச் போட்ட உடையோடு குதித்துவிடுவார்.

"நான் வெளிய வந்து மூணுன்னு கத்திட்டேம்மா! ஏற்கனவே மூணு சொன்னவ என்னை முறைக்கறா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அம்மா சிரிக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எட்டு என்று சொல்கிற பெண் இது.

"ஏன்டி மூணுன்ன?"

"தெரியல. என் நம்பரே ஞாபகம் வரல."

சொன்ன பிறகுதான் மகளுக்கே அது உறைத்தது. கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, இன்னிக்கு எத்தனாவது எண்ணிக்கையில தள்ளணும்?"

"ஆறுல. இல்ல, ஏழு. இரும்மா... பாட்டு போட்டா வந்துடும்."

"வரலேன்னா?"

மகள் மடியிலிருந்த மூக்குக் கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "முன்னாடியே தள்ளிட்டேன்னா சிட்டு கோணலா விழுவா. கீழ எல்லார் மண்டையும் இருக்கும்." கிளிப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் மயங்கிட்டாலும், பாட்டு முடியறவரைக்கும் யாருக்கும் தெரியாது."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம். நீ சொன்னா அம்மாவுக்குப் பயம்னு நினைப்பாங்க. நானே சொல்றேன்."

பாதித் தலை பளபளக்க, பாதி அப்படியே கிடக்க, வெறுங்காலோடு எழுந்து போனாள். கதவருகே நின்று அம்மா பார்த்தாள். அலங்காரம் முடித்து நின்ற ஏழு பேர் முன்னால் அந்தப் பெண் குரல் நடுங்காமல் சொன்னாள்:

"கோச், நேத்து தலையில அடிபட்டுச்சு. மறைச்சது என் தப்பு. இன்னிக்கு எனக்கு எண்ண வரல. என்னை நம்பி யாரும் ஏறக் கூடாது."

"இப்பவா சொல்லுவ?" என்று ஒருத்தி வெடித்தாள். சிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். கோச் திட்டவில்லை, டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, இன்று தண்ணீரில் கால் விரல்கூட நனையக் கூடாது, என் பக்கத்திலேயே உட்கார், ஆட்டம் முடிந்ததும் ஸ்கேன் என்றார். மாற்று ஆள் உள்ளே வந்தாள். தூக்கி எறிவதை அடியோடு விட்டுவிட்டார்கள். பதக்கம் அங்கேயே கைவிட்டுப் போயிற்று.

அம்மா கேலரிக்கு ஏறியபோது தலை நிமிர்ந்துதான் இருந்தது. மூன்று வருடமாக இரவல் பெருமையைச் சுமந்தவளுக்கு இன்றுதான் சொந்தமாக ஒன்று கிடைத்திருந்தது.

பாட்டு பாதி ஓடியதும் இரண்டாம் கவுண்டர்க்காரி பொறுமை இழந்தாள். "எங்கக்கா உங்க பொண்ணு? இன்னும் பறக்கவே இல்லையே?"

"அவ பறக்கறவ இல்ல. நான் உங்ககிட்ட அளந்துவிட்டேன். அடியில நின்னு தாங்கறவ அவ."

"அடியிலயா? ஒன்னும் தெரியலையே."

"இன்னிக்கு அங்கயும் இல்ல. அதோ, டாக்டர் பக்கத்துல, பாதி மண்டை மினுங்க ஒருத்தி உக்காந்திருக்கா பாரு. மத்தவங்க மண்டை உடையக் கூடாதுன்னு தானா விலகிக்கிட்டா. அவதான் என் பொண்ணு."

டிரைவர்கள் நால்வரும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பாட்டு நின்றது. தலைகள் வெளியே வந்தன, எல்லாம் சிரித்தபடி. டாக்டர் பக்கத்து நாற்காலியிலிருந்தே மகள் விரலால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணிக்கொண்டே போனாள். போட்டியில் எண்ணைக் கத்துகிற வழக்கம் கிடையாது. ஆனால் சிட்டு கத்தினாள்: "ஒன்னு!" அடுத்தவள், "ரெண்டு!" மதிப்பெண் பலகையில் ஐந்தாம் இடம் என்று வருவதற்குள் ஏழு வரை வந்துவிட்டது. எட்டாவதாக வந்த மாற்று ஆள் வாயைத் திறக்கவில்லை. எட்டுப் பேரும் நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார்கள்.

மகள் எழுந்து நின்றாள். "எட்டு!"

"கேட்டியா?" என்றாள் டிக்கெட் கவுண்டர்க்காரி, கண்ணைத் துடைக்காமலே. "சரியாச் சொன்னா பாரு."