அம்பூசித்ரா வேனில் ஒரு சீட்

மடகாஸ்கருக்கு வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேன் எப்போது கிளம்பும் என்று யாரையும் கேட்காதீர்கள். நிரம்பினால் கிளம்பும். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, வாழையிலையில் வேகவைத்த கோபா என்ற கடலைப் பலகாரம் நாலு துண்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றபின் நான் அன்சிராபே வேன் நிலையத்தில்தான் குடியிருக்கிறேன் என்று சொல்லலாம். ஒருமுறை காத்திருந்த நேரத்தில் எனக்கு விழுந்த பல் திரும்ப முளைத்துவிட்டது.

அன்று மகன் வீட்டுக்குப் போக அம்பூசித்ரா வேனில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு கோழி. பாதி வேன் காலி. முன் சீட்டில் தோஜோ என்ற பையன், புது கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான். அம்பூசித்ராவில் இருக்கும் வோலாவைப் பெண் கேட்கப் போகிறான். எங்கள் ஊரில் பெண்ணை வாயால்தான் வாங்க வேண்டும். மாப்பிள்ளை பக்கத்துப் பேச்சாளர் சபையில் எழுந்து அழகாகப் பேசாவிட்டால் பெண் கிடையாது. மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால், வோலாவின் அப்பா அடுத்த வீட்டுக்காரனுக்குப் பேசி முடித்துவிடுவார்.

தோஜோவின் பேச்சாளர் ரவேலோ. வைக்கோல் தொப்பி, தோளில் சால்வை. அவர் பேச ஆரம்பிக்கும்போது நாற்று நட்டால், முடிக்கும்போது அறுத்துவிடலாம்.

டிரைவர் சோலோவிடம் தோஜோ கெஞ்சினான். சோலோ பல் குத்திக்கொண்டே சொன்னான்: "தம்பி, நிரம்பாம நகராது. எங்கப்பன் செத்தப்பகூட பாடைக்கு ஆள் சேர்ற வரைக்கும் காத்திருந்துதான் எடுத்தோம்."

ரவேலோ எழுந்தார். முறைப்படி முதலில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், சபையில் வாய் திறக்கிற எவரும் அப்படித்தான். சோலோவிடம் கேட்டார். சோலோவின் அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டார். தன்னைவிட மூத்தவர்கள் முன்னால் பேசுவதற்காகக் கேட்டார், அங்கே அவரைவிட மூத்தது ஒரு மாமரம்தான். வேனிடம் கேட்டார். நாலு டயர்களிடமும் தனித்தனியாகக் கேட்டார், தேய்ந்த பின் டயரிடம் மட்டும் இரண்டு தடவை. என் கோழியும் விடுபடவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. பன்றிக்கறி விற்றவர் கடையை விட்டு வந்தார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். மன்னிப்பு முடிந்து விஷயம் தொடங்கும் நேரத்தில், சோலோ கதவைத் திறந்தான்.

"மீதிய கேக்கணும்னா உள்ள ஏறுங்க."

ஏறினார்கள். ஏறியவர்களில் யாருக்கும் அம்பூசித்ராவில் ஒரு வேலையும் இல்லை. நாலு பேர் சீட்டில் ஆறு பேர், கூரைமேல் ஒரு கட்டில். வேன் நகர்ந்தது. வழியெல்லாம் பேசச் சொன்னார்கள், ரவேலோவும் மறுக்கவில்லை. மலை ஏற்றத்தில் குரல் கரகரத்தது. இறக்கத்தில் தவளையானது. வோலா வீட்டு வாசலில் இறங்கியபோது வெறும் காற்று மட்டும் வந்தது.

பெண் வீட்டுக்காரர் எங்கள் பட்டாளத்தைப் பார்த்து வெளுத்துப்போனார். ஐந்து பேருக்குத்தான் மாட்டுக்கறி சமைத்திருந்தார். நாங்களோ உட்கார்ந்ததும் சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டோம். அவர்கள் பேச்சாளர் பேசி முடித்துவிட்டு, "உங்க பக்கம் யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். ரவேலோ வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோஜோ தரையைப் பார்த்தான், வோலா கதவிடுக்கில் அழ ஆரம்பித்தாள். பெண்ணின் அப்பாவுக்கு அடுத்த வீட்டுப் பக்கம் பார்வை போனது.

சோலோ வாயிலிருந்த எலும்பை எடுத்து வைத்துவிட்டு எழுந்தான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, இந்தக் கோழிக்காரத் தாத்தா இங்கேயே இறங்கிட்டார். என் வண்டியில ஒரு சீட் காலி. நிரம்பாம நான் வண்டி எடுக்கறதில்லை. அதுவரைக்கும் இவங்க எல்லாரும் இங்கதான் சாப்பிடுவாங்க."

பெண்ணின் அப்பா பானைக்குள் எட்டிப் பார்த்தார். பன்றிக்கறிக்காரர் மூன்றாவது தடவை தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வோலா, பெட்டிய எடும்மா," என்றார்.

என் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். வேன் உடனே கிளம்பியது. என் ஆயுளில் அப்படி உடனே கிளம்பிய வேனை நான் பார்த்ததே இல்லை.