நின்றால் நிற்கும் கரடி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி, வீட்டுக்குள் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளுக்கு வீடியோ கேம் செய்கிறவள், வாசல் பனியை வாரிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "எங்க கேம்ல ஒரு கரடி இருக்கு. நாம நின்னா அதுவும் நின்னுடுது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மிச்சக் கதையை, அவளுக்கு ரெனாட்டா என்று பேர் வைத்து, நான் கட்டினேன். மிச்சப் பனியை அவள் புருஷன் வாரினான்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: "சன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடந்தது. ரெனாட்டாவின் மனமும் அதைப் போலவே…"

(விட்டுவிட்டேன். அவள் வேலை பார்க்கும் அறையில் சன்னலே கிடையாது.)

மறுபடியும். ரெனாட்டா லிண்ட்குவிஸ்ட் ஒரு கரடியை உருவாக்கினாள். சைக்கிளுக்கு முன்னால் ஒரு திரை, திரையில் காட்டுப் பாதை, பாதையில் உங்கள் சைக்கிள், நீங்கள் மிதிக்க மிதிக்க அதன் பின்னால் கரடி துரத்தும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கடிபட்டால் சைக்கிளில் துணி காயப்போட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஒரு விதி வைத்தாள்: மிதிப்பவரின் வேகம் எதுவோ அதுதான் கரடியின் வேகமும். வேகமாகப் போனால் வேகமாக வரும், மெதுவாகப் போனால் மெதுவாக வரும், ஒருபோதும் பிடிக்காது. பூஜ்ஜியமும் ஒரு வேகந்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.*

* நீங்கள் சிரிக்கலாம். கேம் செய்கிறவர்கள் ஓடுகிறவனைப் பற்றித்தான் யோசிப்பார்கள். உட்கார்ந்துவிடுகிறவனைப் பற்றி யோசிப்பவர்கள் நாற்காலி செய்யப் போய்விடுகிறார்கள்.

3

சோதித்துப் பார்க்கச் சில வீடுகளுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். அதில் ஒன்றை ரெனாட்டா தன் அண்ணன் வெண்டலின் வீட்டு நிலவறையில் கொண்டுபோய் வைத்தாள். வெண்டல் கப்பல் துறையில் கிரேன் ஓட்டியவர். இலையுதிர் காலத்தில் மாரடைப்பு வந்து பிழைத்துக்கொண்டார். தினமும் அரை மணி நேரம் மிதித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ரெனாட்டாவின் முதலாளி டிராய் குதித்துக்கொண்டு வந்தான்.

(டிராயை முதலில் கெட்டவனாக எழுதினேன். ஒட்டவில்லை. பாவம், அவனுக்குக் கெட்டவனாக இருக்க நேரமே இல்லை.)

"ரெனாட்டா, உங்கண்ணன் கில்லாடி! மத்தவங்க எல்லாம் ஒரு வாரத்துல ஓடிட்டாங்க. இந்த மனுஷன் தினம் ரெண்டு மணி நேரம் இறங்கவே மாட்டேங்கிறார்!"

"எவ்வளவு தூரம் போயிருக்கார்?"

டிராய் கணினியில் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "ஏதோ கோளாறு போல," என்றான்.

4

கோளாறு இல்லை. ரெனாட்டா அன்று மாலையே இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஒரு தட்டு ஹாட்டிஷ் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். வெண்டல் சைக்கிள் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். திரையில் கரடி ஒரு பைன் மரத்தில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

"என்ன வெண்டல், இதுதான் நீ மிதிக்கிற லட்சணமா?"

"கத்தாத. இப்பத்தான் உக்காந்தான். கொட்டாவி விடப் போறான் பாரு."

கரடி கொட்டாவி விட்டது.

"நான் நின்னா நிக்கிறான், ரெனாட்டா. ஷெரில்கூட அப்படி நின்னதில்ல."

"விட்டுட்டுப் போன பொண்டாட்டி பேச்சை விடு. மாரடைப்பு உனக்கு வந்துச்சா, கரடிக்கு வந்துச்சா?"

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார். "பயமா இருக்கு. மிதிச்சா நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது. அன்னிக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. உடனே நிறுத்திடறேன்."

ரெனாட்டாவுக்கு அழுகை வந்தது. அண்ணன் செத்துப்போவார் என்று அன்றுதான் நிஜமாக நம்பினாள். "சாப்பிடு, ஆறுது," என்றாள்.

5

இனி அவள் கரடியை என்ன செய்வாள்?

முதல் முடிவு: நின்றால் கரடி கடிக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இதுதான் பிடித்தது. எழுதிப் பார்த்தேன். வெண்டல் ஒரே தடவை கடிபட்டார், மின்கம்பியைப் பிடுங்கினார், மேலே போய் டிவி பார்த்தா…

(வேண்டாம்.)

இரண்டாவது: கரடியை அப்படியே விட்டுவிடுகிறாள். இந்த முடிவை முழுசாக எழுதினேன். கடைசிப் பத்தியில் சைக்கிள் மேல் யாரும் இல்லை, திரையில் கரடி மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அழித்துவிட்டேன். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துவிட்டது, என்ன செய்ய?

மூன்றாவது ரெனாட்டாவே கண்டுபிடித்தது. நான் குறுக்கே வரவில்லை. வெண்டல் நின்றதும் கரடியும் நிற்கும். கொஞ்ச நேரம் முதுகு சொறியும், கொட்டாவி விடும். பிறகு எழுந்து, சைக்கிளைத் தாண்டி, பாதையில் முன்னால் நடக்கும். மெதுவாகத்தான், நெஞ்சு படபடக்காமல் மிதித்தாலே எட்டிவிடுகிற வேகத்தில்.

"போறப்ப ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டுமே, அழகா இருக்கும்," என்றான் டிராய்.

"கூடாது. பார்த்தா, காத்திருக்குன்னு நினைச்சு அண்ணன் உக்காந்துடுவார்."

6

நிலவறைப் படியில் ரெனாட்டா நிற்கிறாள். அங்கிருந்து வெண்டலின் முதுகு தெரிகிறது, கால் தெரியவில்லை. கரடி எழுந்துவிட்டது.

"டேய், எங்க போற?" என்கிறார் வெண்டல். "டேய்!"

அவர் மிதித்தார் என்று நான் எழுதலாம். நான் எழுதியதால்தான் மிதித்தார் என்பீர்கள். மிதிக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். கரடி வளைவுக்குப் பக்கத்தில் போய்விட்டது, அது திரும்பிப் பார்க்காது.